கிளுவை வேலிக்கு அடியில் இருப்பவை
தூய கன்னி மரியாவின் விண்ணேற்புப் பெருவிழா மறையுரை



நம் அன்னை மரியா ஆன்மாவோடும் உடலோடும் விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதை இன்று கொண்டாடுகிறோம். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இதை நம்பிக்கைக் கோட்பாடாக அறிவித்தது 1950 நவம்பர் 1 அன்று. மக்களோ அதற்கு முன்பே ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இந்த விழாவைக் கொண்டாடி வந்தார்கள். ஆன்மா இறைவனிடம் போய்ச் சேருவதை நம் மனம் சுலபமாக ஏற்றுக்கொள்கிறது. உடல்? குடத்தில் தண்ணீர் சுமந்த இடுப்பு, மாவு அரைத்த கை, எகிப்துவரை நடந்த பாதம், பிள்ளையைச் சுமந்த வயிறு. இவற்றைக் கடவுள் மண்ணுக்கு விட்டுவிட மனம் கொள்ளவில்லை. உடல் அவருக்கு அவ்வளவு அருமையானது. நம் உடலும் அப்படித்தான்.

இதனாலோ என்னவோ, போலந்திலும் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஆகஸ்ட் 15 அன்று மக்கள் மூலிகைகளையும் தானியக் கதிர்களையும் பூக்களையும் கட்டாகக் கட்டிக் கோவிலுக்குக் கொண்டுவருகிறார்கள். குருவானவர் அவற்றை மந்திரிக்கிறார். வீட்டுக்குக் கொண்டுபோய் மாதா படத்துக்குப் பின்னால் செருகிவைக்கிறார்கள். நம் திரு அவையின் பழைய உரோமைச் சடங்கு நூலிலேயே இந்த நாளுக்கென்று மூலிகைகளை ஆசீர்வதிக்கும் செபம் இருக்கிறது. அதனால்தான் சென்ற ஞாயிறு உங்களிடம் கேட்டுக்கொண்டேன். நீங்களும் கொண்டுவந்திருக்கிறீர்கள்: துளசி, தூதுவளை, ஆடாதொடை, முசுமுசுக்கை, பிரண்டை, கற்றாழை, முருங்கைக் கொத்து, ஆவாரம்பூ.

இது நம் வழக்கமா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பொங்கலுக்கு முந்தின நாள் ஆவாரம்பூவும் வேப்பிலையும் பூளைப்பூவும் சேர்த்து வீட்டு இறவாணத்திலும் கிணற்றடியிலும் காட்டு வரப்பிலும் காப்புக் கட்டுகிறோமே, அது நம் வழக்கம். சாதி, சமயம் பார்க்காமல் இந்தச் சமவெளி முழுவதும் செய்வது. விளைச்சலுக்கும் வீட்டுக்கும் உடலுக்கும் இறைவனின் காவலைக் கேட்கிற கை எந்த நாட்டிலும் முதலில் ஒரு செடியைத்தான் பறிக்கிறது.

இனி நற்செய்திக்கு வருவோம். மரியா மலைநாட்டிலுள்ள ஓர் ஊருக்கு விரைந்து போகிறார். எலிசபெத்து வயது முதிர்ந்தவர். அவருக்கு ஆறாம் மாதம். மரியாவும் கருவுற்றிருக்கிறார். அங்கே ஏறத்தாழ மூன்று மாதம் தங்கினார் என்று லூக்கா எழுதுகிறார். நாம் மரியாவின் பாடலைப் பற்றியே பேசிவிட்டு அந்த மூன்று மாதத்தை மறந்துவிடுகிறோம். தலைச்சன் பிள்ளையை வயோதிகத்தில் சுமக்கிற ஒரு பெண்ணுக்கு அருகில் இன்னொரு பெண் மூன்று மாதம் இருந்தால் என்ன செய்திருப்பார்? அதை இங்கே உட்கார்ந்திருக்கும் அம்மாக்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கால் வீங்கினால் வெந்நீர் வைத்துக் கொடுத்திருப்பார். வாய்க்குப் பிடித்ததைச் சமைத்திருப்பார். மகளுக்குப் பேறுகாலம் என்றால் நீங்கள் சுக்கும் மிளகும் திப்பிலியும் ஓமமும் இடித்துக் கருப்பட்டியில் மருந்து கிளறுகிறீர்களே, அந்தக் கையும் மரியாவின் கையும் ஒரே வேலையைச் செய்த கைகள். இதை எழுதிய லூக்காவும் மருத்துவர்தான். பவுல் அடியார் கொலோசையருக்கு எழுதிய திருமுகத்தில் அப்படித்தான் அவரைக் குறிப்பிடுகிறார். ஒரு பேறுகாலத் துணையை நற்செய்தியின் வாசலிலேயே வைத்தவர் அந்த மருத்துவர்.

நம்மில் சிலருக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. மருந்தைத் தேடினால் விசுவாசம் குறைவு என்று நினைக்கிறார்கள். ஆசா அரசர் நோயுற்றபோது மருத்துவரைத் தேடினார், ஆண்டவரைத் தேடவில்லை என்று குறிப்பேட்டு நூலில் வருகிறதே என்று கேட்கிறார்கள். வருகிறது. அந்த அரசரின் குற்றம் மருத்துவரிடம் போனது அல்ல, ஆண்டவரை விட்டுவிட்டுப் போனது. இந்தக் குழப்பம் யூதர்களுக்கும் இருந்தது. அதைத் தெளிவாகத் தீர்த்துவைத்தவர் சீராக். கிறிஸ்துவுக்கு ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன் எருசலேமில் எழுதியவர். அவருடைய நூலின் 38-ஆம் அதிகாரத்தை வீட்டுக்குப் போய் எடுத்துப் படியுங்கள். மருந்துகளை மண்ணிலிருந்து தோன்றச் செய்தவர் ஆண்டவரே, அறிவுள்ளவர் அவற்றை வெறுக்கமாட்டார் என்பது அங்கே அவர் சொல்லும் கருத்து. அதே அதிகாரத்தில் நோயாளிக்கு ஒரு வரிசையும் போட்டுக் கொடுக்கிறார்: இறைவனிடம் மன்றாடு, மனத்தைத் தூய்மையாக்கு, காணிக்கை கொடு, பிறகு மருத்துவருக்கு இடம் கொடு. மருத்துவரும் மன்றாடுகிறார் என்று சேர்த்துச் சொல்கிறார். செபம் ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம் என்று அவர் பிரிக்கவே இல்லை. எசேக்கியா அரசர் சாகக்கிடந்தபோது பதினைந்து ஆண்டு ஆயுள் கூட்டித்தருவதாக ஆண்டவர் எசாயா வழியாகச் சொன்னார். சொல்லிவிட்டு, அதே எசாயா அத்திப்பழ அடையைக் கட்டியின்மேல் வைத்துக் கட்டச் சொன்னார். வாக்குறுதியும் பற்றும் ஒரே வாயிலிருந்து வந்தன.

சரி, ஆண்டவர் மருந்தை மண்ணில் வைத்தார். நம் மண்ணில் எங்கே வைத்தார்?

கஞ்சமலையைப் பாருங்கள். இரும்புத் தாது நிறைந்த மலை அது. அதன் அடியில் நம் ஊர். மலையடியில் சித்தர்கோவில், அமாவாசை தோறும் அங்கே கூடும் கூட்டம், காளாங்கிநாதர் என்ற சித்தரைப் பற்றிய பேச்சு எல்லாம் உங்களுக்குத் தெரியும். சோற்றைக் கிளற ஒடித்த குச்சியால் சோறு கறுத்துப்போக, அதைத் தின்ற சீடர் இளமை பெற்றார் என்ற கதையையும் சிறு வயதிலிருந்து கேட்டிருப்பீர்கள். கிறிஸ்தவனாக நான் அந்தக் கதையின் சீடனல்ல. ஆனால் அந்தக் கதையைக் காப்பாற்றி வந்த மக்களை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு குச்சிக்குள் என்ன இருக்கிறது என்று அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கவனித்தார்கள். எந்த இலை கசக்கிறது, எந்த வேர் குமட்டுகிறது, எந்தப் பட்டை புண்ணை ஆற்றுகிறது என்று பார்த்துப் பார்த்து மனத்தில் வைத்தார்கள். படைப்பை அவ்வளவு உற்றுப் பார்ப்பதும் ஒரு வகை வணக்கம்.

அப்படி உற்றுப் பார்த்த ஒருவர் நம் திரு அவையிலும் இருந்தார். இயேசு சபைக் குரு கே. எம். மேத்யூ. 1930-இல் பிறந்து 2004-இல் மறைந்தவர். திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் உலர்தாவரகம் என்று ஒன்று இருக்கிறது; தமக்கு முன் அங்கே தாவரவியல் கற்பித்த பிரெஞ்சுக் குருவின் பெயரால் 1967-இல் அவர் தொடங்கியது. நம் சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் இந்தச் சமவெளியும் சேர்ந்த பெரும் பரப்பின் செடிகொடிகளை அவரும் மாணவர்களும் அலைந்து திரிந்து சேகரித்தார்கள். ஒவ்வொன்றையும் அழுத்தி, உலர்த்தி, தாளில் ஒட்டி, எங்கே எப்போது பறித்தது என்று எழுதி வைத்தார்கள். 1981 முதல் 1988 வரை அது பெரிய பெரிய தொகுதிகளாக அச்சில் வந்தது. தாவரவியல் படிப்பவர்கள் இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்கள். பூசை வைத்த கை புல்லையும் பறித்துப் பெயரிட்டது. படைப்பு வரலாற்றில் ஆதாமுக்கு ஆண்டவர் கொடுத்த முதல் பணிகளில் ஒன்று, உயிர்களுக்குப் பெயரிடுவது அல்லவா?

மலையைவிட எனக்கு அருமையான இடம் இன்னொன்று உண்டு: நம் காட்டு வேலி. முன்பெல்லாம் கிளுவைப் போத்தை நட்டு உயிர்வேலி போட்டார்கள். அந்த முள்ளுக்கு அடியில் ஆடு வாய் வைக்காத நிழலில் தூதுவளை படர்ந்தது, கோவை ஏறியது, முசுமுசுக்கை பின்னியது, பிரண்டை தொங்கியது, முடக்கத்தான் காய்த்தது. சளி பிடித்தால் மருந்துக்கடைக்குப் போவதற்கு முன் வேலிக்குப் போனார்கள். இப்போது கல்லுக்கால் ஊன்றிக் கம்பி இழுக்கிறோம். கம்பிக்கு அடியில் முளைக்கிற கொஞ்சத்தையும் களைக்கொல்லி அடித்துக் கருக்குகிறோம். கம்பி வேலி போட்ட அன்று ஓர் ஊரின் மருந்துப்பெட்டியைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டோம் என்றே நான் நினைக்கிறேன். காட்டுக்காரர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். ஒரு பக்கமாவது கிளுவையை விட்டுவையுங்கள். ஒரு வரப்பிலாவது மருந்து அடிக்காதீர்கள்.

நம் செடிகள் எல்லாம் நம் மண்ணிலேயே பிறந்தவை என்று எண்ண வேண்டாம். முருங்கை நம் நாட்டு மரம், இமயமலை அடிவாரத்தில் தோன்றியது. மிளகு மேற்கு மலையில் பிறந்தது. ஆமணக்கும் புளியும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. கற்றாழை அரேபியப் பக்கம். பப்பாளியும் கொய்யாவும் அமெரிக்கா. வந்து நம் வாசலில் வேர்விட்டு, நம் பெயர் வாங்கி, நம் நோய்க்கு மருந்தாகிவிட்டன.

இவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் நின்று பேச வேண்டும். நம் கல்லறைத் தோட்டத்தில் யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல், வெள்ளையும் ஊதாவுமாகப் பூத்திருக்குமே, நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லி என்று வீட்டில் நடக்கூட மாட்டார்கள். அது மடகாஸ்கர் தீவில் பிறந்த செடி. கரீபியக் கடலின் ஜமைக்கா தீவில் மக்கள் அதன் இலையைச் சர்க்கரை நோய்க்குக் கசாயம் வைத்துக் குடித்தார்கள். அதைக் கேள்விப்பட்டு 1950-களில் கனடாவில் ஆராய்ந்தபோது இரத்தச் சர்க்கரை குறையவில்லை. ஆனால் இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைந்தன. வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே இரத்தப் புற்றுநோய்? அந்த வழியில் போய் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்று இரண்டு மருந்துகளைப் பிரித்தெடுத்தார்கள். நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலையிலிருந்து ஒரே ஒரு கிராம் கிடைக்கும். 1960-களுக்கு முன் இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தை என்றால் பெற்றோர் நாளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இன்று முறையான சிகிச்சை கிடைக்கிற இடங்களில் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்து எழுகிறார்கள். மற்ற மருந்துகளோடு சேர்ந்து அதற்குக் காரணமாக இருப்பது நம் கல்லறைமேல் பூக்கிற இந்தச் செடி. இறந்தோரிடமிருந்து முதலில் எழுந்தவரின் மக்கள் நாம். கல்லறையில் ஆண்டவர் எதை வளர்க்கிறார் என்று நவம்பர் 2 அன்று மெழுகுவத்தி ஏற்றும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

இதைச் சொன்னதும் யாரும் அந்த இலையைப் பறித்து அரைத்துக் குடித்துவிடாதீர்கள்! அது விஷம். கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளந்து, இரத்தக் குழாயில் செலுத்த வேண்டிய மருந்து. அளவு தெரிந்தவர் கையில்தான் அது உயிர் கொடுக்கும்.

இப்போது சாப்பாட்டைப் பற்றிப் பேசவேண்டும். மருந்தில் பாதி அடுப்பில் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். தீபாவளிச் சேலைக்கு ஆர்டர் வந்துவிட்டது; தறிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. பாவு ஓட்டுகிறவர்கள், தார் சுற்றுகிறவர்கள், சேலை மடிக்கிறவர்கள் என்று நம் பெண்கள் உட்கார நேரமில்லாமல் நிற்கிறார்கள். மூச்சு வாங்குகிறது, கண்ணுக்கு இருட்டுகிறது, படியேறினால் நெஞ்சு படபடக்கிறது என்கிறார்கள். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இந்தக் கோவிலில் இடது பக்கம் உட்கார்ந்திருக்கும் பெண்களில் பாதிக்கு மேல் என்று அர்த்தம். இதை நான் வெறும் உடல்நலச் செய்தியாகச் சொல்லவில்லை. வீட்டில் எல்லோருக்கும் போட்டுவிட்டு மிஞ்சியதைச் சாப்பிடுவதை நாம் பெண்ணின் புண்ணியமாக ஆக்கிவைத்திருக்கிறோம். அது புண்ணியம் இல்லை. அவள் உடலும் ஆண்டவர் எடுத்துக்கொள்ளப்போகிற உடல்.

முருங்கைக்கீரை வாசலில் நிற்கிறது. நூறு கிராம் இலையில் ஆறு கிராம் அளவுக்குப் புரதம், சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கு மேல், அதே அளவு பாலில் இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம், இரும்பும் உண்டு. இதைக் காயவைத்துப் பொடியாக்கி மாத்திரைக் குப்பியில் அடைத்து வெளிநாட்டில் விற்கிறார்கள். நாமோ மரத்தில் கம்பளிப்பூச்சி வருகிறது என்று வெட்டிவிடுகிறோம். ஒன்று கவனியுங்கள்: கீரையில் இருக்கும் இரும்பு உடம்பில் சேர வேண்டுமானால் கூடவே புளிப்பு வேண்டும். எலுமிச்சை பிழியலாம், ஒரு நெல்லிக்காயைப் பச்சையாகக் கடித்துக்கொள்ளலாம். ஆரஞ்சுப் பழத்தில் இருப்பதைவிட ஐந்து மடங்குக்குக் குறையாமல் வைட்டமின் சி நெல்லியில் இருக்கிறது. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த இரும்பை டீயின் துவர்ப்பு பிடித்துக்கொண்டு போய்விடும். தறிப்பட்டறையில் சாப்பாடு முடிந்ததும் டீ வருகிறது. அதை ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். பட்டறை வைத்திருக்கும் ஐயாக்களும் அம்மாக்களும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். டீ நேரத்தை மாற்றுவது உங்கள் கையில்தான் இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தருகிற இரும்பு மாத்திரையைக் குமட்டுகிறது, மலம் கறுக்கிறது என்று அலமாரியில் போட்டுவிடாதீர்கள். கீரையும் வேண்டும், மாத்திரையும் வேண்டும்.

மணத்தக்காளிக் கீரை, முடக்கத்தான் தோசை, தூதுவளை ரசம், கல்யாண முருங்கை அடை எல்லாம் உங்கள் மாமியார்கள் செய்தவை. பிரண்டைத் துவையலுக்குக் கணுவை நீக்கி, நாரை உரித்து, நல்லெண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி சேர்த்து அரைப்பார்கள். அதில் ஊசி ஊசியாக இருக்கும் உப்புதான் நாக்கை அரிக்கிறது. புளியும் எண்ணெயும் சேர்ந்து அந்த அரிப்பை அடக்கும். ஆய்வுக்கூடம் இல்லாத காலத்தில் ஒரு பாட்டி இதைக் கண்டுபிடித்தார். அவர் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

அன்புக்குரியவர்களே, அடுத்ததாக நான் சொல்லப்போவது கொஞ்சம் கடுமையாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். மூலிகையை வெறுப்பது ஒரு பாவம் என்றால், அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் பாவம். செங்காந்தள் நம் மாநில மலர். அதன் கிழங்கிலும் விதையிலும் கோல்கிசின் இருக்கிறது. மூட்டு வீங்கிச் சிவக்கும் கீல்வாதத்துக்கு மருத்துவர்கள் மில்லிகிராம் கணக்கில் தருவது அது. வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அந்தக் கிழங்கைத் தின்றவர்கள் செத்திருக்கிறார்கள். இயற்கையானது எல்லாம் தீங்கற்றது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது ஊரறிந்தது. 1988-இல் சென்னை ஆராய்ச்சியாளர்கள் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி கிருமி இரத்தத்தில் தங்கிவிட்டவர்களில் கீழாநெல்லி வகை ஒன்றைச் சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் மற்ற நாடுகளில் திரும்பச் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. அதற்காக நம் முன்னோர் பொய் சொன்னார்கள் என்று ஆகாது; அவர்கள் சொன்னதே போதும், பரிசோதனை வேண்டாம் என்றும் ஆகாது. காமாலை என்பது ஒரு நோயல்ல. கிருமியால் வரலாம், பித்தப்பைக் கல்லால் வரலாம், குடியால் வரலாம், எலிக் காய்ச்சலால் வரலாம், புற்றுநோயாலும் வரலாம். கண் மஞ்சளானால் முதலில் இரத்தப் பரிசோதனை. பிறகு கீழாநெல்லியைப் பற்றி மருத்துவரிடமே கேளுங்கள்.

பாம்பு கடித்தால் சிறியாநங்கை இலையைக் கொடுத்துக் கசக்கிறதா என்று பார்ப்பது இன்றும் நடக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசமாக இருக்கிறது. அந்த மருந்துக்கு வேண்டிய நஞ்சை எடுத்துத் தருகிறவர்கள் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர் மக்கள். 1978-இல் அவர்களுக்கென்று கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. மரபறிவு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்த வழி அது. இலையைச் சுவைத்துப் பார்க்கும் அரை மணி நேரத்தில் உயிரே போய்விடலாம். அதேபோல, செபக் கூட்டத்துக்குப் போய்வந்த பிறகு இன்சுலினை நிறுத்தியவர்கள், சிறுகுறிஞ்சான் பொடி வாங்கியதும் சர்க்கரை மாத்திரையைக் குப்பையில் போட்டவர்கள் நம் பங்கிலும் இருக்கிறார்கள். ஆண்டவர் உங்களிடம் அதைக் கேட்கவில்லை. மருத்துவருக்கு இடம் கொடு என்று வேதத்திலேயே எழுதிவைத்தவர் அவர்.

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. நம் நாமகிரிப்பேட்டைச் சந்தையில் மஞ்சள் மூட்டை மூட்டையாக ஏலம் போகிறது. அந்த மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதை 1995-இல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் தன் கண்டுபிடிப்பாகக் காப்புரிமை பெற்றது. நம் நாட்டு அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு பழைய சுவடிகளையும் கட்டுரைகளையும் காட்டி வாதாடி, 1997-இல் அதை ரத்துசெய்ய வைத்தது. எழுதி வைத்திருந்ததால் வெல்ல முடிந்தது. எழுதாதது போனது போனதுதான். நம் பக்கத்து வைத்தியர் பலர் மகனுக்குக்கூடச் சொல்லாமல் கண்ணை மூடினார்கள். ஆண்டவர் இலவசமாகக் கொடுத்ததை மறைத்துவைக்க நமக்கு உரிமை இல்லை.

பழைய கேரளத்தில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுத்த, மலபார்ச் செடிகளைப் பற்றிய பன்னிரண்டு தொகுதிகள் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சாயின. மத்தேயு என்ற கார்மேல் சபைத் துறவி அதற்கு உதவினார். ஆனால் செடிகளின் குணத்தைச் சொன்னவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். அன்றைய சாதிக் கட்டில் அவரைப் பக்கத்தில் உட்காரவைக்கக்கூட விரும்பாத பலர் இருந்திருப்பார்கள். 1675-இல் அவர் தம் எழுத்திலேயே கொடுத்த சான்று முதல் தொகுதியில் அச்சாகி, முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. அறிவைத் தந்தவரின் பெயரைப் போட்டது நேர்மை. பிரண்டைத் துவையல் கண்டுபிடித்த பாட்டிக்கு அந்த நேர்மை கிடைக்கவில்லை.

ஆகவே மறைக்கல்விப் பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வேலை. பூசை முடிந்ததும் ஆளுக்கு ஒரு நோட்டு தருவேன். வீட்டிலுள்ள பாட்டியிடமும் தாத்தாவிடமும் போய் உட்காருங்கள். கிறிஸ்தவர் வீடு என்று பார்க்க வேண்டாம். பக்கத்து வீட்டு அப்பத்தாவிடமும் கேளுங்கள். எந்தச் செடி, எங்கே முளைக்கும், எந்தப் பாகம், எப்படிப் பக்குவம் செய்வது, யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று கேட்டு எழுதுங்கள். கடைசிக் கேள்வியை மறந்துவிடாதீர்கள். இலையை ஒன்றிரண்டு பறித்துத் தாளில் ஒட்டுங்கள். வேரைப் பிடுங்காதீர்கள், மலையில் ஏறி எதையும் வெட்டிவராதீர்கள். பக்கத்தின் முதல் வரியில் சொன்னவரின் பெயரை எழுதுங்கள், அதற்குக் கீழேதான் செடியின் பெயர். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் நோட்டுகளை என்னிடம் கொடுங்கள். அரசு சித்த மருத்துவர் ஒருவரிடம் காட்டி, தவறு இருந்தால் திருத்தி, பங்கு நூலகத்தில் வைப்போம். கோவிலின் பின்பக்கச் சுவரோரம் காலியாக இருக்கிறது. மழை ஒன்று நன்றாகப் பெய்ததும் அங்கே கிளுவைப் போத்து நட வேண்டும். காட்டில் கிளுவை வைத்திருப்பவர்கள் பத்துப் போத்தாவது வெட்டித் தாருங்கள். இளைஞர் மன்றத்தினர் குழி எடுப்பீர்கள்.

எல்லோரும் எழுந்து நின்று நம்பிக்கை அறிக்கையைச் சொல்வோம்.